"வளர்க்கத் தெரியாதவர் வீட்டு நாய்தான் திருடும்" என்று எழுதியவர் இங்கே வரவும்

ஜூலி வீடு (காலை 9.12)
நேற்று நாய்த் தீனி பற்றிய பேச்சில் ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார்: "வளர்க்கத் தெரியாதவர் வீட்டு நாய்தான் வைத்ததைத் தின்னாமல் அடம்பிடிக்கும். அதே நாய்தான் அடுப்படியில் திருடும். என் சிப்பிப்பாறை ஒன்பது வருடத்தில் ஒரு பருக்கை திருடியதில்லை." பெயரைச் சொல்லத் தேவையில்லை. சிப்பிப்பாறை என்றாலே யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் ஜூலி நாலு வயது லேப் (லாப்ரடார்). தயிர்சாதம் வைத்தால் தயிரை நக்கிவிட்டுச் சோற்றைத் தட்டோரம் ஒதுக்கும். கேரட்டை வாயில் எடுத்துக்கொண்டு கூடம் வரைக்கும் போய், பாயில் துப்பிவிட்டு வரும். கடையில் வாங்குகிற உருண்டைத் தீனியில் பச்சையை மட்டும் விட்டுவிடும். இப்படிப்பட்ட மகராணி ஞாயிற்றுக்கிழமை சமையல் மேடையில் பொரித்து வைத்திருந்த வஞ்சிரம் ஆறு துண்டையும் காலி செய்துவிட்டது. எவர்சில்வர் தட்டால் மூடி, மேலே இடிகல் வைத்திருந்தேன். மாடிக்குத் துணி எடுக்கப் போய்த் திரும்பி வர எட்டு நிமிடம். தட்டு கவிழவில்லை, இடிகல் கீழே விழவில்லை, சத்தமும் இல்லை. இதில் என் வளர்ப்பு எங்கே வந்தது?

சிப்பிப்பாறைக்காரன் (9.31)
பெயர் சொல்லியே கூப்பிடலாம் அம்மா, ஓடி ஒளிகிற ஆள் இல்லை. எழுதியது நான்தான். ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. தட்டு மூடியிருந்தது, இடிகல் இருந்தது, எதுவும் கவிழவில்லை. மீனை மட்டும் காணோம். மூடியிருந்தால் எடுக்க முடியாது. எடுத்தது என்றால் மூடவில்லை. இவ்வளவுதான் விஷயம்.

அடம்பிடிப்பதற்கும் வைத்தியம் ஒன்றுதான். நேரத்துக்குத் தட்டை வையுங்கள். பதினைந்து நிமிடத்தில் தின்னவில்லையா, எடுத்துவிடுங்கள். நடுவில் பிஸ்கட், பொறை எதுவும் கிடையாது. மூன்றாம் நாள் கேப்பைக்கூழைக் கரைத்து வைத்தாலும் வழித்து நக்கும்.

ஜூலி வீடு (9.38)
மூடியிருந்தது. என் கையால் மூடினேன்.

திண்ணை வாத்தியார் (9.44)
முதலில் "திருட்டு" என்றால் என்ன என்று முடிவு செய்துகொள்வது நல்லது. இது என்னுடையது, அது உன்னுடையது என்கிற எண்ணமே இல்லாத பிராணியைத் திருடன் என்று சொல்ல முடியுமா?

மணியின் அடிமை (9.52)
அக்கா, ஒரு சின்ன சந்தேகம். பச்சை உருண்டையை மட்டும் விட்டுவிடும் என்கிறீர்கள். நாய்க்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாதே. நீலமும் மஞ்சளும்தான் சரியாகத் தெரியும்.

ஜூலி வீடு (9.55)
தம்பி, வந்து பாருங்கள். பச்சை மட்டும் தட்டில் வரிசையாக இருக்கும்.

மணியின் அடிமை (9.57)
அது வாசனையோ கெட்டித்தன்மையோ வேறாக இருக்கும் அக்கா. நிறத்துக்காக இல்லை.

சிப்பிப்பாறைக்காரன் (10.03)
கண்ணுக்குத் தெரியாத நிறத்தை நாய் ஒதுக்குகிறது. மூடிய தட்டுக்குள்ளிருந்து மீன் மறைகிறது. அந்த வீட்டுக்கு ஒரு நாள் வந்து பார்க்கவேண்டும்.

அடிக்குறிப்பு (10.25)
கிண்டல் போதும், கொஞ்சம் படித்துவிட்டுப் பேசுவோம். லேப் இனத்தின் பசி வளர்ப்பால் வருவது மட்டும் இல்லை. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், பசியை அடக்க உதவுகிற பி.ஓ.எம்.சி. என்கிற மரபணுவில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு லேபுக்கு இந்தக் குறை இருக்கிறது. 2024-இல் வந்த அடுத்த ஆய்வில், இந்த நாய்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவிலும் பசி எடுக்கிறது, சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கிற கலோரியும் கால் பங்கு குறைவு என்று காட்டினார்கள். பாவம், ஒரு பக்கம் கூடுதல் பசி, இன்னொரு பக்கம் செலவே இல்லாத உடம்பு.

சிப்பிப்பாறைக்காரன் (10.31)
நல்லது. அந்த மரபணு இடிகல்லைத் தூக்குமா?

அப்புறம் இன்னொன்று. அவ்வளவு பசி எடுக்கிற நாய் தயிர்சாதத்தை ஏன் ஒதுக்குகிறது? கேரட்டை ஏன் பாயில் துப்புகிறது? ஐயா கொண்டுவந்த ஆய்வு ஐயா கட்சிக்கே ஆகவில்லை.

அடிக்குறிப்பு (10.48)
நாய்க்குச் சுவை மொட்டு சுமார் 1,700தான், நமக்கோ 9,000 வரை. அது மூக்கால் சாப்பிடுகிற பிராணி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிரக் குளிர வைக்கிற தயிர்சாதத்தில் மூக்குக்கு என்ன வேலை? அதையே கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி வையுங்கள், பாதி அடம் குறையும். எண்ணெயில் பொரித்த மீனோ நாலு வீடு தாண்டி மணக்கும். ஜூலிக்கும் பசி இருக்கலாம், ஆனால் பொறுமையாகக் காத்திருந்தால் மேடைமேல் இதைவிட நல்லது கிடைக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

ஜூலி வீடு (10.52)
நான் தயிர்சாதத்தை ஃபிரிட்ஜில் வைப்பதில்லை.

லூனா அம்மா (11.06)
இந்த "மூன்றாம் நாள்" வைத்தியத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. போன வைகாசியில் எங்கள் லூனா திடீரென்று சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தாள். இங்கே வந்து கேட்டேன். இதே அண்ணன்தான் "செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள், தட்டை எடுத்துவிடுங்கள், மூன்றாம் நாள் தின்னும்" என்று சொன்னார். நானும் நம்பித் தட்டை எடுத்தேன். முதல் நாள் மாலை வாசலில் வந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தின்னவில்லை, எழுந்திருக்கவே இல்லை. ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினால் உண்ணிக் காய்ச்சல். ரத்தத் தட்டணு 40,000-க்கு இறங்கியிருந்தது. காது மடலுக்குள்ளே நாலு உண்ணி. ஒரு மாதம் மாத்திரை கொடுத்துத்தான் மீட்டோம்.

நாலு வருடமாக நன்றாகத் தின்ற நாய் திடீரென்று வேண்டாம் என்றால் அது அடம் இல்லை அண்ணே. உண்ணி இருக்கும், பல்வலி இருக்கும், வேறு என்னவோ இருக்கும். ஒரு நாளுக்குமேல் பட்டினி கிடந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். அதை ஏன் சொல்லவில்லை?

சிப்பிப்பாறைக்காரன் (11.15)
நான் சொன்னது ஆரோக்கியமான நாய்க்கு. உண்ணி பார்க்காமல் வளர்ப்பது யார் தப்பு?

லூனா அம்மா (11.22)
"ஆரோக்கியமான" என்ற வார்த்தை அப்போது இல்லை. இப்போதும் போய்ப் பார்த்தேன். "எந்த நாயாக இருந்தாலும்" என்றுதான் இருக்கிறது. வேண்டுமானால் அப்படியே எடுத்துப் போடவா?

சிப்பிப்பாறைக்காரன் (11.24)
அது பழைய கதை. மூடி விஷயத்துக்கு வருவோம்.

முத்துநகர் (11.40)
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அந்த மீனுக்குப் பெயர் சீலா. தூத்துக்குடியில் வஞ்சிரம் என்று கேட்டால் சென்னையிலிருந்து வந்த ஆள் என்று விலையை ஏற்றிவிடுவார்கள்.

மணியின் அடிமை (11.44)
அண்ணே, சென்னையில் சீலா என்றால் வேறு மீன். நீளமாக, பல்லோடு இருக்குமே, அது.

முத்துநகர் (11.49)
அது ஊழி. ஊழியைச் சீலா என்று விற்கிறார்கள், நீங்களும் வாங்குகிறீர்கள். நாங்கள் என்ன செய்வது?

ஜூலி வீடு (11.53)
அது வஞ்சிரம்தான். காசு கொடுத்தது நான்.

திண்ணை வாத்தியார் (12.10)
திருட்டு என்பதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

மணியின் அடிமை (12.31)
எங்கள் மணி தெரு நாய்தான், மூன்று மாதக் குட்டியாகச் சாக்கடை ஓரத்தில் கிடைத்தது. எதை வைத்தாலும் தின்னும். வெண்டைக்காய்க் காம்பையும் தின்னும். அப்படியும் திருடும். அப்பா இட்லித் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். பக்கத்தைத் திருப்ப இரண்டு கையையும் தூக்கும் நேரம் பார்த்து ஒன்றை உருவிவிடும். மூன்று இட்லி இருந்தால் ஒன்றுதான் எடுக்கும், அப்பாவுக்குக் கணக்கு தெரியக்கூடாது என்று! பிடித்துவிட்டால் காதை மடக்கி, கண்ணை இடுக்கி அப்படி ஒரு குற்றவாளி முகம் காட்டும்.

அடிக்குறிப்பு (12.45)
அந்த முகம் குற்ற உணர்ச்சி இல்லை தம்பி. 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற ஆய்வாளர் 14 நாய்களை வைத்துச் சோதித்தார். தின்ற நாயும் தின்னாத நாயும் எசமானர் திட்டினால் ஒரே முகத்தைத்தான் காட்டின. சொல்லப்போனால் ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் இன்னும் பாவமாக முழித்தன. இன்னொன்று: போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் ஜூலியானே காமின்ஸ்கி 84 நாய்களைச் சோதித்ததில், எடுக்காதே என்று சொன்ன தீனியை வெளிச்சத்தைவிட இருட்டில் நாலு மடங்கு அதிகமாக எடுத்தன. நாம் பார்க்கிறோமா இல்லையா என்பது அவற்றுக்குத் தெரிகிறது.

மணியின் அடிமை (12.47)
அப்பாவிடம் இதைக் காட்டினேன். "84 நாயைச் சோதித்தாயிற்று, என் இட்லியை யார் திருப்பித் தருவார்?" என்கிறார்.

சிப்பிப்பாறைக்காரன் (1.20)
இருட்டில் வைத்தால் எடுக்கும், வெளிச்சத்தில் வைத்தால் எடுக்காது. சரி. மூடி வைத்தால்? அந்தச் சோதனையில் மூடி இருந்ததா? யாரும் அதைப் பேசமாட்டேன் என்கிறீர்கள். எங்கள் கருப்பன் கேப்பைக்கூழ், சாம்பார் சோறு, வாரம் ஒரு முட்டை என்று வளர்ந்தவன். மரபணு, மூக்கு, வெளிச்சம் எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை. நாட்டு நாய்க்கு மானம் உண்டு. 2005-இல் தபால்தலையில் ராஜபாளையம் நாயைப் போட்டார்களே, லேபைப் போட்டார்களா?

லூனா அம்மா (1.27)
சாம்பார் சோறா? வெங்காயம் போட்ட சாம்பாரா?

சிப்பிப்பாறைக்காரன் (1.29)
வெங்காயம் இல்லாமல் சாம்பாரா?

லூனா அம்மா (1.34)
வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும் அண்ணே. வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. திராட்சை, சாக்லேட் மாதிரி இதுவும் கண்ணில் காட்டக்கூடாத சாமான். எனக்கு வளர்ப்புப் பாடம் எடுத்தவர் வீட்டில் ஒன்பது வருடமாகச் சின்ன வெங்காயச் சாம்பார் ஓடுகிறது.

சிப்பிப்பாறைக்காரன் (1.38)
ஒன்பது வருடமாக ஓடுகிற நாயைப் பார்த்து "விஷம் தின்கிறாய்" என்று சொல்கிறீர்கள். வந்து அவனிடமே சொல்லுங்கள், ஓடியாவது பிடியுங்கள் பார்ப்போம்.

கிழக்குத் தெரு (2.05)
நானும் சிப்பிப்பாறைக்காரர் ஊர்ப்பக்கம்தான். அண்ணன் தோட்டத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். கருப்பன் அருமையான நாய், மறுக்கவில்லை. ஆனால் அது கிடப்பது மாட்டுக் கொட்டகையில். ராத்திரிதான் அவிழ்த்துவிடுவார்கள், அப்போது வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். அடுப்படி எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஜூலி வீடு (2.07)
ஒரு நிமிடம். கட்டிப்போட்ட நாயா?

மணியின் அடிமை (2.08)
ஒன்பது வருடம் உள்ளே இருந்தவர் வெளியே ஒரு திருட்டும் செய்யவில்லையாம்!

சிப்பிப்பாறைக்காரன் (2.26)
கொட்டகைக்கும் அடுப்படிக்கும் இருபது அடி. பகலிலும் அவிழ்த்துத்தான் விடுவோம். அதுவும் இது வேட்டை நாய், முயல் பிடிக்கப் பிறந்தது, மேடையில் ஏறி மீன் பொறுக்கப் பிறந்ததில்லை. கிழக்குத் தெருவுக்கு என்மேல் ஏன் கோபம் என்று எனக்குத் தெரியும். போன வருடம் கேட்ட குட்டியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அதை இங்கே கொண்டுவரவேண்டாம்.

கிழக்குத் தெரு (2.31)
முன்பணம் வாங்கிவிட்டுக் கொடுத்தீர்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிப்பிப்பாறைக்காரன் (2.33)
திருப்பிக் கொடுத்தாயிற்று.

கிழக்குத் தெரு (2.34)
நாலு மாதம் கழித்து.

முத்துநகர் (2.50)
இன்றைக்கு ஏலத்தில் எழுதியிருக்கிற பலகையைப் படம் எடுத்துப் போடுகிறேன். சீலா என்றுதான் இருக்கும்.

அடிக்குறிப்பு (3.10)
ஜூலி வீட்டுக்கு ஒரு வேலையான யோசனை. ஒருமுறை ஆறு துண்டு கிடைத்த மேடையை அது ஆயுளுக்கும் மறக்காது. பத்து தடவை எட்டிப் பார்த்து ஒரு தடவை கிடைத்தாலும் பதினோராவது தடவையும் பார்க்கும். ஒரு மாதம் மேடையில் ஒன்றுமே இல்லாமல் வையுங்கள். சமைத்ததை அலமாரியில் வைத்துத் தாழ்ப்பாள் போடுங்கள். நொறுக்குத் தீனி ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மீன் முள்ளைப் பற்றியும் கவனம். வெந்த முள் குடலில் குத்தும். இரண்டு நாள் மலத்தைப் பாருங்கள்.

ஜூலி வீடு (3.18)
பார்த்தேன். நன்றாகத்தான் போகிறாள். முள்ளைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். நடு முள் ஆறும் வரிசையாக இருந்தது.

சிப்பிப்பாறைக்காரன் (3.21)
முள்ளை எடுத்து வைக்கிறதா! மூடிய தட்டுக்குள் மீனைத் தின்று, முள்ளைப் பிரித்து அடுக்கி, மறுபடி மூடி, இடிகல்லையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அம்மா, நான் கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். வீட்டில் வேறு யார் யார் இருந்தார்கள்?

ஜூலி வீடு (3.25)
என் வீட்டுக்காரர் இருந்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மணியின் அடிமை (3.26)
அக்கா...

ஜூலி வீடு (3.29)
ஜூலி வாயெல்லாம் எண்ணெய். மீசையில் மிளகாய்ப்பொடி. நானே துடைத்தேன்.

திண்ணை வாத்தியார் (3.40)
பங்கு கொடுத்துச் சாட்சியைச் சேர்த்துக்கொள்வதும் திருட்டில் சேருமா என்பதையும் பார்க்கவேண்டும். அதனால்தான் முதலிலேயே சொன்னேன்.

லூனா அம்மா (3.52)
அந்தப் பழைய பதிவை எடுத்துப் போட்டிருக்கிறேன், மேலே பாருங்கள். "எந்த நாயாக இருந்தாலும்." மன்னிப்பு கேட்கவேண்டாம் அண்ணே, அதைத் திருத்தினால் போதும்.

சிப்பிப்பாறைக்காரன் (4.15)
பேச்சை மாற்றவேண்டாம். இடிகல் எத்தனை கிலோ?

ஜூலி வீடு (4.37)
பழைய பேப்பர்க்காரரின் தராசில் வைத்துப் பார்த்தேன். 1 கிலோ 350 கிராம்.

சிப்பிப்பாறைக்காரன் (4.41)
நடுவில் வைத்தீர்களா, ஓரத்திலா?