அம்மாபேட்டையிலிருந்து சான்பிரான்சிஸ்கோ: அப்பா நூல் பிடித்து அளந்த தூரம்

டிக்கெட்டில் 16 மணி நேரம் என்று இருந்தது. வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு எங்களுக்கு ஆனது கிட்டத்தட்ட 29 மணி நேரம். வயதானவர்களை முதல்முறை கூட்டிப் போகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

2023 ஜூனில் சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் சன்னிவேலில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். அப்பா சேலம் அம்மாபேட்டையில் ஐம்பது வருடம் பட்டுத்தறி நெய்தவர். பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் இருந்தது. ஏர் இந்தியா 2021 ஜனவரியில் தொடங்கிய தடம் அது. அங்கிருந்து வந்த முதல் விமானத்தை ஓட்டியவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

"14,000 கிலோமீட்டர்னா எப்படிப் போவான் கண்ணு?" என்று அப்பா கேட்டார். பையனின் உலக உருண்டையில் ஜப்பான் வழியாக விரலை ஓட்டிக் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு பட்டு இழை எடுத்து வந்தார். ஒரு முனையைப் பெங்களூரில் வைத்து அழுத்தச் சொன்னார். மறுமுனையைச் சான்பிரான்சிஸ்கோவில் வைத்து, பாவு இழையைப் போல விறைப்பாக இழுத்தார். இழை கிழக்கே நிற்கவில்லை. சறுக்கி மேலே ஏறி சீனா, மங்கோலியா, சைபீரியாவின் வடகோடி, அலாஸ்கா என்று படிந்துவிட்டது. "தொய்வு இல்லாமப் புடிச்சா இழை தானாக் குறுக்கு வழிக்குப் போயிரும்" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் படித்தும் புரியாத விஷயம் அது.

கிளம்பும் நாளன்று விடியற்காலை 4:30க்குக் கார் ஏறினோம். தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சரியாகவே போனது. பெங்களூருக்குள் நுழைந்த பிறகுதான் ஊர்ந்தோம். விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. அதை மறந்து நேரம் போடாதீர்கள்.

மத்தியானம் 2 மணிக்கு விமானம் புறப்பட்டது. முன்னால் இருந்த திரையை விட்டு அப்பா கண் எடுக்கவில்லை. "இழை காட்டின வழியில போகலியே?" என்றார். ஜப்பானைத் தாண்டிப் பசிபிக் மேலே போய்க்கொண்டிருந்தோம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஒரு காற்று ஓடும், அதைப் பின்னால் வாங்கிக்கொண்டால் தூரம் கூடினாலும் நேரம் குறையும் என்று சொன்னேன். "பூலாம்பட்டிப் பரிசலை ஓட்டத்தோட விடற மாதிரி" என்று தலையாட்டினார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி நடக்க வைத்தேன். அப்படியும் இறங்கும்போது செருப்பு கொள்ளாத அளவுக்குக் கால் வீங்கிவிட்டது. ஒரு அளவு பெரிய செருப்பைக் கைப்பையில் வையுங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். இறங்கியபோது அங்கே அதே தேதி, சாயங்காலம் 5:30.

திரும்பியது புரட்டாசியில். எதிர்க்காற்று, பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஏறி, ஞாயிறு விடியற்காலை 3 மணிக்கு இறங்கினோம். புரட்டாசிச் சனி விரதம் எப்போது தொடங்கும் என்று தங்கைக்கும் எனக்கும் ஒரே குழப்பம். அப்பாவுக்கு இல்லை. போனதிலிருந்தே அவர் கைக்கடிகாரத்தில் சேலத்து நேரத்தை மாற்றவே இல்லை. அன்று வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதைப் பார்த்து, "கோட்டைப் பெருமாள் கோயில்ல இப்போ சனி பொறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார்.