மாத்திரையை எந்த வேலையோடு முடிச்சுப் போடுவது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் நான். மனம் வைத்தால் எந்தப் பழக்கத்தையும் விடாமல் கடைப்பிடிக்கலாம் என்று இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். மனம் வைக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. “இனிமேல் தவறாமல் போடுகிறேன் சிஸ்டர்” என்பவர்கள் பொய் சொல்வதில்லை. அடுத்த மாதம் பையைத் திறந்தால் பாதி அட்டை பிரிக்காமல் இருக்கும், அவ்வளவுதான்.

2021-இல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். வாசலிலிருந்து வாய்க்குப் போகும் தூரம்தான் குறையவில்லை.

அதனால் இப்போது, “எந்த வேலை முடிந்ததும் போடுவீர்கள்?” என்று கேட்கிறேன். “காலையில்” என்று சொன்னால் விடுவதில்லை. பூ கட்டும் அம்மா ஒருவர், “இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும்” என்றார். குழாய்க்கு மேலே இருந்த ஆணியில் மாத்திரைப் பையையும் மாட்டிவிட்டார். ஒழுங்காகத்தான் போனது, ஆனாலும் மாதக் கடைசியில் சில மாத்திரைகள் மிச்சம். விசாரித்தால், “வெள்ளிக்கிழமை விரதம் அம்மா, இட்லி ஏது?” என்கிறார்! மருத்துவரிடம் கேட்டோம். அவருடையது அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை, வெறும் வயிற்றிலும் போடலாம். பல் துலக்கியதும் போடுவது என்று மாற்றிக்கொண்டோம். விரதத்தன்றும் பல் துலக்காமல் இருக்க மாட்டாரே. சர்க்கரை மாத்திரைகள் பலவற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. மருத்துவரைக் கேட்காமல் யாரும் நேரத்தை மாற்றிவிடாதீர்கள்.

‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவெடுப்பதைப் பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்தே ஆராய்ந்துவந்தார். வேறு சில ஆய்வாளர்கள் இதே வழியில், அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களுக்குப் போன ஃப்ளூ தடுப்பூசி அறிவிப்பில், எந்த நாள், எத்தனை மணி என்று அவரவரே குறித்துக்கொள்ள இடம் விட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 33 சதவீதத்திலிருந்து 37 ஆனார்கள். 2011-இல் வெளியான ஆய்வு. நான்கு சதவீதம்தானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். தாளில் கொஞ்சம் இடம் விட்டதற்கு நூற்றுக்கு நான்கு பேர் கூடுதல் என்றால் எனக்கு அது லாபம்தான். மாத்திரையே வேண்டாம், நாட்டு மருந்து போதும் என்று நிற்பவரிடம் மட்டும் இந்தக் கேள்வி எடுபடாது. அங்கே முதலில் பேச்சுவார்த்தைதான்.

எனக்கு இன்னும் பிடிபடாதவர்கள் மில் தொழிலாளர்கள். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறது. தூக்கம், குளியல், சாப்பாடு எல்லாமே இடம் மாறுகின்றன. அவர்களுக்கு மாத்திரையை எதோடு முடிச்சுப் போடுவது? ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.