சாவி தொலைந்த படுக்கையறைக் கதவை உடைக்காமல் திறக்க முடியுமா?

கேள்வி

வணக்கம். எங்கள் படுக்கையறைக் கதவில் உருண்டைக் கைப்பிடிப் பூட்டு உள்ளது. உட்புறப் பொத்தானை யாரோ அழுத்தி வைத்திருந்த நிலையில், நேற்று காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. வெளியே சாவித் துளை இருக்கிறது, சாவிதான் இல்லை. மேசை இழுப்பறை முதல் பழைய பைகள் வரை கொட்டிப் பார்த்தாயிற்று. உள்ளே ஆள் இல்லை என்பதால் அவசரமில்லை. கதவு அறைக்குள் தள்ளித் திறக்கும் வகை. சேதமின்றித் திறக்க வழியுண்டா?

மறுமொழி 1

சாவியால் பூட்டப்படாமல் தானாகச் சாத்திக்கொண்டதால் உங்கள் வேலை எளிது. கதவைப் பிடித்திருப்பது ஸ்பிரிங்கால் வெளியே தள்ளப்படும், ஒருபக்கம் சரிவாகச் சீவிய நாக்கு மட்டுமே. சரிவின் மீது அழுத்தினால் அது உள்ளே போய்விடும். சதுர நாக்காக இருந்தால் சாவி திரும்பினாலன்றி அசையாது. உள்ளே தள்ளித் திறக்கும் கதவில் சரிவு வெளியே நிற்பவரைப் பார்த்தே இருக்கும் என்பதால், பழைய வங்கி அட்டை ஒன்றை இடுக்கில் செருகிப் பாருங்கள்.

மறுமொழி 2

அட்டை வேண்டாம். இவ்வகைக் கதவில் நிலையின் விளிம்பு உங்கள் பக்கமாக நீட்டிக்கொண்டு இடுக்கை மறைப்பதால், செருகும் பொருள் அந்த விளிம்பைச் சுற்றி வளைந்தாக வேண்டும். அட்டை வளையாமல் முறிந்துவிடும். குளிர்பானப் பாட்டிலின் நடுப்பகுதியிலிருந்து உள்ளங்கையளவு பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்து, நாக்குக்கு ஒரு சாண் மேலே நுழைத்து, மறுகையால் கதவை லேசாக ஆட்டியபடியே கீழ்நோக்கி இழுத்து வாருங்கள். நாக்கை ஒட்டி மெல்லிய துணைத்தண்டு உள்ள பூட்டுகளில் இந்த வித்தை பலிக்காது, ஏனெனில் கதவு சாத்தியதும் அந்தத் தண்டு அழுந்தி நாக்கை நகரவிடாமல் செய்துவிடும். வீட்டில் இதே பூட்டுள்ள வேறு கதவு இருந்தால் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள். அதன் சாவியையும் இதில் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மறுமொழி 3

கீல்களைக் கழற்றும் யோசனை சிலருக்கு வரும். உங்கள் கதவில் அவை உட்புறம் இருப்பதால் பயனில்லை. சாவித் துளைக்குள் திருப்புளியை விட்டு முறுக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே வெவ்வேறு உயரத்தில் நிற்கும் சிறு ஊசிகள் வளைந்துவிட்டால், சாவி செய்பவர் வந்தாலும் டிரில்லால் துளைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. நான் ஒருமுறை அப்படி முறுக்கி, ஒரு முழுப் பூட்டை இழந்தவன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி, கதவு திறந்துவிட்டது. முதல் மூன்று முறையும் பிளாஸ்டிக் நாக்கின் மேல் முட்டி மடங்கியது. துண்டின் முனையை வட்டமாக வெட்டிய பிறகு நான்காம் முறை வழுக்கி இறங்கி, "டிக்" என்ற ஒலியுடன் நாக்கு உள்வாங்கியது. சாவி இன்னும் கிடைக்கவில்லை. பூட்டையே மாற்ற வேண்டுமா?

மறுமொழி 2

தேவையில்லை. கதவு திறந்திருக்கும்போது பூட்டைக் கழற்றி எடுத்துச் சென்றால், சாவி செய்பவர் அதைப் பார்த்தே புதுச் சாவி செய்து தந்துவிடுவார். பழைய சாவி வெளியார் கையில் சிக்கியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், ஊசிகளை மாற்றி அமைத்துத் தரும்படி கேளுங்கள். அதன்பின் பழைய சாவி இதில் திரும்பாது. அதுவரை பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.