உப்புக்காற்றில் சங்கிலிப் பூட்டு: சாவியில்லாமல் திறந்தது எப்படி, இனி எதை வாங்குவது?

கெடிலக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் குடும்பத்திற்கு ஒரு சிறிய வலைக்கொட்டகை உள்ளது. வலைகளோடு இரண்டு படகு இஞ்சின்களும் அதற்குள் இருப்பதால், இரட்டைக் கதவின் இரு வளையங்களிலும் ஏறத்தாழ மூன்றடிச் சங்கிலி ஒன்றைக் கோத்து, அதன் இரு முனைகளையும் ஒரு பித்தளைப் பூட்டில் மாட்டிப் பூட்டி வருகிறோம். சங்கிலிக் கண்ணியின் கம்பி 8 மில்லிமீட்டர் கனம். பூட்டு 50 மில்லிமீட்டர் அகலம். இரண்டையும் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஐப்பசி மழையின்போது சாவி பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. அழுத்திச் சுற்றியதில் சாவிதான் முறுக்கிக்கொண்டது. பக்கத்துக் கொட்டகையில் வேலை செய்யும் பையன், குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய மெல்லிய தகடு ஒன்றைப் பூட்டின் கம்பியோரமாக நுழைத்து, நான் சாவியை நிமிர்த்தி முடிப்பதற்குள் பூட்டைத் திறந்து என் கையிலேயே கொடுத்துவிட்டான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

திறந்த பூட்டைப் பார்த்தபோது, பித்தளை உடலில் பச்சைக் களிம்பைத் தவிர வேறு குறையில்லை. ஆனால், வளைந்த கம்பியின் இரு கால்களும், உள்ளே மறைந்திருக்கும் பகுதியில், வெளியே தெரியும் பகுதியைவிட மிகுதியாகத் துருவேறியிருந்தன. என் ஐயங்கள் இவை: சாவியே சுற்றாத பூட்டு ஒரு தகட்டுக்கு எப்படி வழிவிட்டது? கடலை ஒட்டிய இடத்துக்கு எவ்வகைப் பூட்டும் சங்கிலியும் பொருந்தும்? துருப் பிடிக்காததும் எளிதில் வெட்ட முடியாததும் ஒரே பொருளில் கிடைக்குமா?

லேத்துப் பட்டறை, முதலியார்பேட்டை

வணக்கம் நண்பரே. தங்கள் கேள்வியைப் படித்தவுடன், என்னிடம் நடுவே அறுத்து வைத்திருக்கும் பழைய பூட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

பூட்டுக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியே நடக்கின்றன. சாவி சரியானதா என்று பார்ப்பது ஒன்று. வளைந்த கம்பியைப் பிடித்துக்கொள்வது மற்றொன்று. தங்கள் பூட்டில் கெட்டுப்போனது முதலாவது. பையன் கைவைத்தது இரண்டாவது.

முதல் வேலையைச் செய்வது சாவித்துளை இருக்கும் உருளை. நான் அறுத்த பூட்டில் அந்த உருளைக்கு மேலாக ஐந்து குழிகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு குழியிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பின்கள், அவற்றின் தலையில் தலைமுடிபோல் மெல்லிய ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் பின் உருளைக்குள் பாதி இறங்கி நின்று, அதைச் சுற்ற விடாமல் தடுக்கிறது. சரியான சாவியின் பற்கள் ஐந்து இணைகளையும் அததற்குரிய உயரத்துக்குத் தூக்கும்போது, மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு சரியாகப் பொருந்தி, உருளை சுற்றுகிறது. பழங்கால எகிப்தின் மரப் பூட்டுகளில் இருந்த இந்தத் தத்துவத்தை, இன்று நாம் காணும் சிறிய உருளையாக்கி 1861-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர். ஐந்து ஸ்பிரிங்குகளில் ஒன்று துருப்பிடித்து ஒடிந்தாலும், ஒரு குழியில் உப்பு உறைந்து பின் சிக்கிக்கொண்டாலும், சரியான சாவியும் தவறான சாவிதான். தங்களுக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது வேலையைத் தங்கள் பூட்டில் செய்வது நாக்கு போன்ற ஒரு சிறு தகடு. வளைந்த கம்பியின் ஒரு காலில் வெட்டப்பட்டுள்ள பள்ளத்தில் அது போய் அமர்கிறது. பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கம்பியை அழுத்தினால் நாக்கின் சரிந்த முகம் விலகி, பள்ளம் எதிரே வந்ததும் ‘டக்’ என்று உள்ளே விழுகிறது. சாவியைச் சுற்றும்போது உருளையின் வால் இந்த நாக்கைப் பின்னுக்கு இழுக்கிறது. ஸ்பிரிங்கின் பலத்தில் மட்டுமே நிற்கும் நாக்கை, கம்பியோரமாக இறங்கும் தகடும் பின்னுக்குத் தள்ளிவிடலாம். தள்ளுவது சாவியா, டின் தகடா என்று ஸ்பிரிங்குக்குத் தெரியாது. உருளை கல்லாக இறுகியிருந்தபோதும் பூட்டு திறந்ததன் காரணம் இதுதான்.

நல்ல பூட்டில் நாக்குக்குப் பதிலாக இரண்டு எஃகுக் குண்டுகள், கம்பியின் இரு கால்களிலும் உள்ள பள்ளங்களில் அமர்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் உள்ள ஒரு துண்டு உண்டு. பூட்டிய நிலையில் அதன் அகலப் பக்கம் குண்டுகளை அடைத்து நிற்பதால் அவை பின்வாங்க இடமே இல்லை. சாவியால் அதைத் திருப்பிக் குறுகிய பக்கத்தைக் கொண்டுவந்தால்தான் இடம் பிறக்கும். அங்கே தகட்டை நுழைத்தாலும் தள்ளுவதற்கு எதுவும் கிடைக்காது. ஒரு காலை மட்டும் அறுத்துக் கம்பியைத் திருப்பிவிடவும் முடியாது. மற்றக் காலைத் தனிக் குண்டு பிடித்திருக்கும்.

அரியாங்குப்பம் வாசகன்

சுருக்கமாகச் சொல்கிறேன். சாவியைப் போட்டுச் சுற்றினால்தான் பூட்டும் என்ற வகைப் பூட்டை மட்டும் வாங்குங்கள். அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும் பூட்டுகள் அனைத்தும் வீண். மாதம் ஒருமுறை சாவித்துளையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும். எங்கள் வீட்டில் தலைமுறையாக அதுதான் வழக்கம்.

பூட்டுப்பித்தன், திருப்பாதிரிப்புலியூர்

மேலே எழுதியவரின் அறிவுரையில் பாதியை ஏற்கிறேன். சாவியால் பூட்டும் பூட்டைத் தகட்டால் தள்ளித் திறக்க முடியாது என்பது சரி. ஆனால், ‘டக்’ என்று பூட்டுபவை எல்லாம் வீண் என்பது பிழை. குண்டு வைத்த பூட்டுகளிலும், திறந்த நிலையில் நடுத்துண்டு ஒரு ஸ்பிரிங்கால் திருகப்பட்டுக் காத்திருக்குமாறு அமைத்து, கம்பியை அழுத்தியவுடன் தானே பூட்டிக்கொள்ளும்படி செய்கிறார்கள். எனவே ஒலியை வைத்து முடிவெடுக்காமல், கடையிலேயே பூட்டைத் திறந்து கம்பியின் கால்களைப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் சதுரமாகவோ சரிவாகவோ வெட்டு இருந்தால் அது நாக்குப் பூட்டு. இரு கால்களிலும் பாதி நிலாவைப்போல் உருண்டையான பள்ளங்கள் எதிரெதிரே இருந்தால் அது குண்டுப் பூட்டு. இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சாவியால் பூட்டும் வகையில் நம் ஊர்ப்பக்கம் அதிகம் பழகியது லீவர் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமையும் அதைச் சார்ந்ததுதான். தகடு தகடாக அடுக்கிய லீவர்கள் ஒவ்வொன்றையும் சாவியின் பற்கள் குறித்த உயரத்துக்குத் தூக்கினால்தான் அவற்றின் வெட்டுகள் ஒரே நேர்கோட்டில் வந்து, தாழ்த்தண்டு நகர வழி கிடைக்கும். குறைவாகத் தூக்கினாலும் தடை, கூடுதலாகத் தூக்கினாலும் தடை என்ற இந்த ஏற்பாடு, இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் 1778-இல் காப்புரிமை பெற்றது. வீட்டு வாசலுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால், கடற்கரைக் கொட்டகைக்கு இரும்பு லீவர்களை நான் நம்புவதில்லை. அடுக்கிய தகடுகளுக்கு இடையே ஈரம் நின்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பித்தளை லீவர்களாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

விலை பொருட்டில்லை என்றால் மூன்றாவது வகை ஒன்று உண்டு. 1907-இல் பின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் உருவாக்கிய சுழல்தட்டுப் பூட்டில், சாவி திரும்பும்போது வட்டத் தட்டுகள் வெவ்வேறு கோணங்களுக்குச் சுழன்று, அவற்றின் வெட்டுகள் ஒரே வரிசையில் நிற்கும். தட்டுகளைத் திரும்பக் கொண்டுவருவதும் சாவியே என்பதால் அவற்றுக்கு ஸ்பிரிங் தேவையில்லை. உப்புக்காற்றில் முதலில் சாவது ஸ்பிரிங்தான் என்னும்போது, அது இல்லாததே பெரிய ஆதாயம்.

தேங்காய் எண்ணெய் பற்றி: தலைமுறை வழக்கத்தை மறுக்கச் சங்கடமாக உள்ளது. ஆனால், அது நாளடைவில் பிசினாகி, தூசியையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும்.

கெடிலக்கரை

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. என் பூட்டின் கம்பியில் ஒரு காலில் மட்டுமே வெட்டு உள்ளது. எனவே நாக்குப் பூட்டு என்பது உறுதியாயிற்று. நேற்று ஹார்டுவேர் கடையில் முழுவதும் எவர்சில்வரால் ஆன பூட்டு ஒன்றைக் காட்டி, கடலோரத்துக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்றார்கள். சங்கிலியையும் எவர்சில்வரிலேயே வாங்கிவிடலாமா?

உப்பனாறு, கடலூர் ஓ.டி.

துறைமுகப் பக்கம் படகு வேலையில் இருப்பவன் என்ற முறையில் சங்கிலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தாங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு, அதாவது துருப் பிடிக்காததும் வெட்ட முடியாததும் ஒன்றாகக் கிடைக்குமா என்பதற்கு, நேரான விடை: எளிதில் கிடைக்காது. அரிவாளுக்குத் துவைச்சல் கொடுப்பதுபோல, எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கிய சங்கிலியைத்தான் போல்ட் கட்டரால் வெட்டுவது கடினம். ஆனால், அந்த எஃகு துருப் பிடிக்கும். 304, 316 என்ற எண்களில் விற்கும் எவர்சில்வர் உப்பைத் தாங்கும். அதிலும் மாலிப்டினம் கலந்த 316 கடலோரத்துக்கு ஏற்றது. ஆனால், துவைச்சல் கொடுத்து அதைக் கடினமாக்க முடியாது. கடைக்காரர் சொன்னது துருவைப் பொறுத்தவரை உண்மை. திருடனைப் பற்றி அவர் பேசவில்லை.

தங்களிடம் உள்ள சங்கிலி எவ்வகை என்று அறிய, முனைக் கண்ணியின் உட்புறத்தில் ஓர் அரத்தை வைத்துத் தேயுங்கள். கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கினால் கடினமாக்கியது. கரகரவென்று பிடித்துத் துகள் உதிர்ந்தால் மென்மையான இரும்பு. வெள்ளி நிறத்தில் தடித்த நாகப்பூச்சு உள்ள சங்கிலிகள் பெரும்பாலும் இரண்டாவது வகையே. பூச்சுக்காக 450 டிகிரி அளவில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும்போது, முன்பு கொடுத்த துவைச்சலும் பெருமளவு இறங்கிவிடும். ஆகவே கடினச் சங்கிலிகளுக்கு மெல்லிய மின்முலாம் மட்டும் பூசி, மேலே துணி உறை போட்டு விற்கிறார்கள். அந்தத் துணி உறை மோட்டார் சைக்கிளின் பெயிண்டைக் காக்க வந்தது. நம் ஊரில் அது உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஈரத்தோடே தொங்கும். வாங்கினால் உறையை அவ்வப்போது பின்னுக்குத் தள்ளிக் கண்ணிகளைப் பாருங்கள்.

பூட்டுக் கம்பியின் கால்கள் உள்ளே அதிகம் துருவேறியதற்கும் காரணம் உண்டு. பித்தளையும் இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், தேய்வது இரும்பாகவே இருக்கும். துளைக்குள் ஈரம் காயாமல் நிற்பதால் அங்கே அது நாள் முழுவதும் நடக்கிறது.

என் கருத்து: கடினமாக்கிய சதுரக் கண்ணிச் சங்கிலியும், பித்தளை உடலும் கடினக் கம்பியும் கொண்ட குண்டுப் பூட்டும் வாங்குங்கள். துருவை நாம் கையால் பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை இஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவும்போது பூட்டையும் கழுவி, உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். சங்கிலியைத் தரையில் படும்படி தொங்கவிடாதீர்கள். போல்ட் கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மறுபிடியில் உடல் எடையையே இறக்குவார்கள். இடுப்புயரத்தில், தொய்வில்லாமல், சாவித்துளை கீழ்நோக்கி இருக்குமாறு பூட்டுங்கள். அப்போது உள்ளே போன மழைநீரும் வடிந்துவிடும்.

இன்னொன்று: கதவில் பற்றவைத்த வளையங்களின் கனத்தைத் தாங்கள் எழுதவே இல்லை.

கெடிலக்கரை

அரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். பழைய சங்கிலியில் வெண்ணெய்போல் இறங்கியது. குண்டுப் பூட்டு ஒன்றும், 10 மில்லிமீட்டர் சதுரக் கண்ணிச் சங்கிலி நான்கடியும் வாங்கிவிட்டேன். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பூட்டின் மேல் குடைபோலக் கட்டியிருக்கிறேன்.

கதவு வளையங்களையும் அளந்தேன். இரண்டும் 6 மில்லிமீட்டர் சாதாரணக் கம்பி. அதுவும் கீழ் வளையத்தின் ஒரு முனை பற்றவைப்பு விட்டுப்போய், கையால் அசைத்தாலே ஆடுகிறது. வெல்டிங் கடைக்காரர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை இஞ்சின்கள் இரண்டும் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன.