அப்டேட்: சிகாகோ டு லாஸ் ஏஞ்சல்ஸ் ரூட் முடிவாயிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, டிசம்பர் ட்ரக் லோடுக்கு டென்வர் வழியா ஐ-70 ஹைவேல (ஐ-ன்னா இன்டர்ஸ்டேட்) போறதா இல்ல தெக்கால சுத்தி ஐ-40 போறதான்னு. ஐ-40 தான். ஐ-55ல செயின்ட் லூயிஸ், அங்கருந்து ஐ-44ல ஓக்லஹோமா சிட்டி, அப்புறம் கலிஃபோர்னியால இருக்குற பார்ஸ்டோ வரைக்கும் நேரா ஐ-40. கொலராடோல செப்டம்பர் 1ல இருந்து மே 31 வரைக்கும் ஐ-70ல டாட்சீரோ-மாரிசன் ஊர்களுக்கு நடுவுல, பனியில டயர் வழுக்காம இருக்க மாட்டுற செயின் வண்டியிலயே இருக்கணும், அத பனியில இறங்கி மாட்டுறதெல்லாம் நமக்கு வேணாம் சாமி. ஆனா ஐ-40ல வர்ற ஃபிளாக்ஸ்டாஃப்லயும் பனி கொட்டும், அதனால முதல் நாளே வெதர் பாத்துருவேன்.

நிறைய பேர் கேட்ட அவர்ஸ் கணக்கு, அதாவது டிரைவர் எவ்ளோ நேரம் ஓட்டலாம்ங்கற சட்டம்: 10 மணி நேரம் ரெஸ்ட் எடுத்துட்டு வேலைய ஆரம்பிச்சதும் 14 மணி நேர கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள 11 மணி நேரம் தான் ஓட்டலாம், 8 மணி நேரம் ஓட்டுனா அரை மணி பிரேக், லோடிங்ல காத்துக்கிடந்தாலும் அந்த 14 பொதுவா நிக்காது. அதனால கடைசி ஒரு மணி நேரத்த பார்க்கிங் தேடவே ஒதுக்கிட்டேன், சாயங்காலம் ஆனா ட்ரக் ஸ்டாப்ல இடமே இருக்காதுங்க.

எடை 80,000 பவுண்டுக்குள்ள இருந்தா மட்டும் போதாது, டான்டம் (பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு ஆக்ஸில் ஜோடி) மேல விழுற எடை 34,000 பவுண்ட தாண்டக்கூடாது. கலிஃபோர்னியால 53 அடி ட்ரெய்லருக்கு கிங்பின்ல (ட்ரெய்லர ட்ரக்கோட மாட்டுற முன்பக்க பின்) இருந்து கடைசி ஆக்ஸில் 40 அடிக்குள்ள வேற இருக்கணும், அதுக்கேத்தமாதிரி கிளம்புற இடத்துலயே ட்ரெய்லர் டான்டத்த முன்னபின்ன நகத்தி எடை போட்டுக்கப்போறேன். கார் மேப்ப நம்பி மட்டும் யாரும் போயிடாதீங்க, அதுக்கு பாலத்தோட உயரம் தெரியாது.