கர்நாடக வயலினோட ஐரிஷ் பப் மேடையில நிக்கணுமாம். எப்படி?

காவிரிக்கரை கேட்டது:

கார்க்ல நர்ஸா இருக்கேன். அயர்லாந்து வந்து 6 வருஷம் ஆச்சு, சொந்த ஊர் கும்பகோணம். 9 வயசுல ஆரம்பிச்சு 11 வருஷம் வயலின் கத்துக்கிட்டேன். அப்புறம் நர்சிங், கல்யாணம், நைட் டூட்டி, பெட்டியில தூங்குது வயலின். போன பொங்கல் விழாவுல பயந்துகிட்டே 2 கீர்த்தனை வாசிச்சேன். அத எங்க வார்டுல வேலை பாக்கற ஒரு ஐரிஷ்காரம்மா கேட்டுட்டாங்க. அவங்க இங்க ஒரு அமெச்சூர் நாடகக் குழுவுல இருக்காங்க, இந்த வருஷம் 'ஒன்ஸ்'ங்கற இசை நாடகம் போடறாங்களாம். "வயலின் வாசிக்க ஒரு ஆள் குறையுது, வா"ன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. மேடைக்குக் கீழ ஓரமா உக்காந்து வாசிக்கற வேலைன்னு நினைச்சு நானும் தலையாட்டிட்டேன்.

போனா, மேடைக்குக் கீழ யாருமே கிடையாதாம். மேடை முழுக்க ஒரு பப். கிட்டார், பியானோ, அக்கார்டியன், செல்லோ எல்லாத்தையும் நடிக்கறவங்களே வாசிக்கணும், வாசிச்சுக்கிட்டே நடக்கணும், மேஜைய நகர்த்தணும். எனக்குக் குடுத்த வேஷம் ரெஸா, டப்ளின்ல குடியிருக்கற செக் நாட்டுக்காரி. கண்ணடிக்கற டைப். நான் வாழ்க்கையில யாரையும் பாத்துக் கண்ணடிச்சதில்ல, என் வீட்டுக்காரர் உட்பட.

சம்மணம் போட்டு, சுருள் பக்கத்த வலது கணுக்கால்ல வெச்சு வாசிச்சே பழகினவ நான். நின்னுகிட்டு வெச்சா வயலின் நழுவுது. சுருதியும் வேற. பேப்பர் பாத்து வாசிக்கவும் கூடாதாம், பப்ல எவன் நொட்டேஷன் ஸ்டாண்டு வெச்சுக்கறான்னு டைரக்டர் கேக்கறார். நியாயம்தான். 10 வாரம் இருக்கு.

இன்னொண்ணு. அம்மாகிட்ட வீடியோ கால்ல சொன்னேன். "11 வருஷம் வாத்தியார் வீட்டுக்கு வெயில்ல கூட்டிட்டுப் போனது சாராயக்கடையில வாசிக்கவாடி?"ன்னு கேட்டுட்டு போனைத் தங்கச்சிகிட்ட குடுத்துட்டாங்க. இத எப்படிச் சமாளிக்கறது? நாடகத்தப் பாத்தவங்க, நின்னு வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

—

கடைசிபெஞ்ச்:

டப்ளின்ல 11 வருஷமா இருக்கேன். வயலின் பத்தி எனக்கு எழுத்துக்கூடத் தெரியாது, அம்மா கேஸ மட்டும் எடுத்துக்கறேன்.

எங்கப்பா வந்திருந்தப்ப இதே கதை. "பப்"னு சொன்னதும் அவர் மனசுல வந்தது நம்மூர் டாஸ்மாக் கம்பி வலை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூட்டிட்டுப் போனேன். ஒரு குடும்பம் சூப் குடிச்சுக்கிட்டிருக்கு, ஒரு பாட்டி குறுக்கெழுத்துப் போடறாங்க, கீழ நாய் படுத்திருக்கு. இங்க சட்டப்படியே பெத்தவங்களோட வர்ற பசங்க ராத்திரி 9 மணி வரை பப்ல இருக்கலாம், மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் 10 மணி. 2004 மார்ச்சுல இருந்து உள்ள புகையும் பிடிக்கக் கூடாது. அப்பா டீ கேட்டார், குடுத்தாங்க. பிஸ்கட்டும் வந்துச்சு. ஊருக்குப் போய் எல்லார்கிட்டயும் "அது ஒரு மாதிரி கிளப்பு கடை"ன்னு சொல்லிட்டிருக்கார்.

அம்மாவுக்கு அப்படி ஒரு மத்தியான வீடியோ அனுப்புங்க. ராத்திரி 11 மணி வீடியோ வேண்டாம்.

—

பனங்கொட்டை:

தங்கச்சி, நான் லண்டனில இருக்கிறன். 2014ல ஃபீனிக்ஸ் தியேட்டரில இந்த நாடகத்தை ரெண்டு தரம் பார்த்தனான். ரெண்டாந்தரம் போனது கதைக்காக இல்லை, மேடையில ஏறிறதுக்காக.

உண்மையாத்தான். நாடகம் தொடங்க முதல் சனம் நேர மேடைக்கு ஏறலாம். அங்க இருக்கிற பார் பொய்யில்லை, காசு குடுத்து பியர் வாங்கலாம். இடைவேளையிலயும் அப்பிடித்தான். நாங்கள் கிளாஸோட நிக்கிறம், பக்கத்தில நடிகர் ஆக்கள் வட்டமா நிண்டு ஐரிஷ் பாட்டும் செக் பாட்டும் வாசிக்கினம். ஒருத்தற்றை கிட்டார் என்ர முழங்கையில இடிச்சிது, "சொரி" எண்டார். பிறகு எங்களை மெதுவாக் கீழ அனுப்பினவை. மணி அடிக்கேல்ல, லைட்டும் அணையேல்ல. கதாநாயகன் திடீரெண்டு கத்திப் பாடத் தொடங்கீட்டான். நான் அப்பதான் கோட்டைக் கழட்டிக்கொண்டிருந்தனான். எனக்குப் பின்னால ஒரு மனிசி இன்னும் கதைச்சுக்கொண்டிருந்தவ, அவவுக்கு நாடகம் தொடங்கினதே தெரியாது.

மேடை முழுக்க ஒரே ஒரு செட்தான். பொப் குரோலி எண்டவர் செய்தது: வளைஞ்ச சுவர், சுவர் நிறையப் பழைய கண்ணாடியள். வேற காட்சிக்கு வேற செட் இல்லை. ரெண்டு கதிரையைத் திருப்பினா வங்கி. மேஜையை இழுத்தா வாக்குவம் கிளீனர் திருத்திற கடை. அதால பப் எண்டது குடிக்கிற இடமாத் தெரியேல்ல, ஊர்ச்சனம் கூடி இருந்து ஒரு கதையைச் சொல்லுற இடமாத் தெரிஞ்சுது. 2012ல 8 டோனி விருது, அதாவது அமெரிக்க நாடக விருது, அதில ஒண்டு இந்த செட்டுக்கு. பாட்டுக்கு விருது இல்லை, ஏனெண்டா பாட்டுகள் அநேகமா 2007ல வந்த படத்தில ஏற்கெனவே வந்தது. அதில ஒரு பாட்டுக்கு ஒஸ்காரும் கிடைச்சிட்டுது.

இனி உங்கட விசயம். உங்கட காட்சி இல்லாத நேரம் எங்க இருப்பியள்? உள்ள போக ஏலாது. ஓரத்துக் கதிரையில, எல்லாரும் பாக்கிற மாதிரி இருக்கவேணும். ஒரு பெடியன் நடுவில நிண்டு மனசு உடைஞ்சு பாடேக்க மற்ற எல்லாரும் சும்மா இருந்து கேக்கினம். நான் ரெண்டாந்தரம் போகேக்க முழுக்க அவையைத்தான் பார்த்தனான். வயலின்காரி ஒருத்தி வில்லை மடியில வைச்சுக்கொண்டு நிலத்தைப் பார்த்து இருந்தவ. பிறகு ஒரு இடத்தில மெல்ல வில்லைத் தூக்கினா. பாட்டு அவவுக்குள்ள இருந்து வந்தது போல இருந்துது. கண்ணடிக்கிறது பெரிய வேலை இல்லை தங்கச்சி, அந்தக் கேக்கிறதுதான் வேலை. கச்சேரியில பக்கவாத்தியம் வாசிச்சிருந்தா உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்டும் சொல்லவேணும். செக் ஆக்கள் தங்களுக்குள்ள கதைக்கேக்க ஆங்கிலத்திலதான் கதைப்பினம், மேல பலகையில செக் எழுத்து ஓடும். அதாவது அவை வீட்டில தங்கட பாசை கதைக்கினம், எங்களுக்கு விளங்கிறதுக்காக இப்பிடி. முதல் தரம் சனம் சிரிச்சது. எனக்குச் சிரிப்பு வரேல்ல, என்ர பிள்ளையள் என்னோட ஆங்கிலத்தில கதைக்கிறது ஞாபகம் வந்திட்டுது. சரி, அது வேற கதை. நீங்கள் அந்த வீட்டு ஆள். நடிக்கேக்க அதை மனசில வைச்சிருங்கோ.

—

நாலாம்கம்பி:

சென்னையில வயலின் சொல்லிக்கொடுக்கிறேன், கர்நாடக முறை, மேற்கத்திய முறை ரெண்டும் வாசிப்பேன். உங்க கேள்விக்கு நேரா வரேன்.

முதல்ல சுருதி. நீங்க வாசிச்சது ச-ப-ச-ப. அங்க ஜி-டி-ஏ-ஈ. பயப்பட வேண்டாம், 2 கட்டையை, அதாவது டி-யை ஷட்ஜமா நினைச்சுக்குங்க. தடிச்ச கம்பி மந்திர ம, அடுத்தது ச, அடுத்தது ப, மெல்லிசு மேல் ஸ்தாயி ரி. ஐரிஷ் டியூன்ல பெரும்பாதி டி-யிலயோ ஜி-யிலயோதான் இருக்கும். டி மேஜர்னா சங்கராபரணம், அவ்வளவுதான். இன்னும் சிலது கேட்டா ஹரிகாம்போதி, கரஹரப்ரியா வாசனை வரும். உங்க விரலுக்கு எல்லாம் தெரிஞ்ச ஊரு. அடிவாங்கப் போறது மெல்லிசு கம்பிதான், அங்க உங்க விரல் பழைய பஞ்சமத்தைத் தேடும். ஒரு வாரம் அந்தக் கம்பியில மட்டும் வரிசை வாசிங்க. பழைய கம்பியை முறுக்கி ஏத்தாதீங்க, கண்ணுகிட்ட அறுந்து தெறிக்கும். புது செட் போடுங்க.

நிக்கறது: ஒரு ஷோல்டர் ரெஸ்ட், அதாவது வயலினுக்கு அடியில மாட்டற தோள் தாங்கி, வாங்குங்க. நம்ம முறையில வயலினை உடம்பு பிடிச்சுக்கும், இடது கைக்கு வேலையே ஓட்டம் மட்டும். நின்னா அந்தப் பிடி தாடைக்கும் தோளுக்கும் போகணும். அங்க இருக்கிற ஃபிடில்காரங்க பலபேர் தாடைகூட அழுத்தாம தளர்வாத்தான் வெச்சுக்கறாங்க, அவங்களை மேற்கத்திய டீச்சர் பாத்தா திட்டுவார். அதனால அழகு பத்திக் கவலைப்படாதீங்க. ஜாரு, அதாவது விரலை இழுத்து வாசிக்கறது, பெருசா வேண்டாம், குறைச்சுக்குங்க. ஜிக்ங்கற ஐரிஷ் ஆட்ட மெட்டுனா திஸ்ர நடை, காலால 2 தட்டு. பொதுவா 8 பார், அதாவது 8 தாள அளவு, ஒரு பாகம், அதையே 2 தடவை, அடுத்த பாகம் 2 தடவை. பேப்பர் இல்லாம எப்படின்னு கேட்டிருந்தீங்க. நீங்க வர்ணம் கத்துக்கிட்டது பேப்பர் பாத்தா? வாத்தியார் வாசிச்சாரு, நீங்க திருப்பி வாசிச்சீங்க. அங்கயும் காதால கத்துக்கறதுதான் வழக்கம்.

உங்க ஊர் பப்ல செஷன், அதாவது வாசிக்கறவங்க கூடி உக்காந்து வாசிக்கறது, நடக்கும்; 10 வாரத்துல முதல் 2 வாரம் அங்க வாசிக்காம, போய் உக்காந்து கேளுங்க. தெரியாத டியூனுக்கு நடுவுல கிறுக்காதீங்க, முறைப்பாங்க. உங்களை வாசிக்கச் சொன்னா ஒரு நோட்டுஸ்வரம் வாசிச்சுடுங்க. வயலின் நம்மகிட்ட வந்ததே தீட்சிதர் தம்பி பாலுஸ்வாமி சென்னையில வெள்ளைக்காரர்கிட்ட கத்துக்கிட்டதால. அண்ணன் வெள்ளைக்காரங்க பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டார், அதுதான் நோட்டுஸ்வரம். கடன் வாங்கினதத் திருப்பிக் குடுத்த மாதிரி இருக்கும்.

—

கடைசிபெஞ்ச்:

நாலாம்கம்பி சார், ஒரு சின்ன விஷயம். நோட்டுஸ்வரத்துல 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜா பாட்டு மெட்டு. கார்க்குக்கு இங்க செல்லப்பேரே கலகக்கார மாவட்டம். அந்த அம்மா அதை அங்க பப்ல எடுத்தாங்கன்னா நாடகம் வேற மாதிரி முடியும்.

—

நாலாம்கம்பி:

ஐயோ. ஆமாம். காவிரிக்கரை, அது மட்டும் வேண்டாம்.

—

காவிரிக்கரை:

3 வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்குங்க, டூட்டி.

புது கம்பி போட்டாச்சு. மெல்லிசு கம்பி நீங்க சொன்ன மாதிரியே என்ன அடிச்சுது, இப்ப பரவால்ல. தோள்ல ஒரு பழைய கைக்குட்டை மடிச்சு வெச்சா நழுவறதில்ல, ஷோல்டர் ரெஸ்ட் எனக்கு ஒத்துவரல.

பனங்கொட்டை அண்ணா, நீங்க சொன்னதுதான் கஷ்டம். ஒத்திகையில சும்மா இருந்து கேக்கணும்னா என் கை தானா தாளம் போடுது. டைரக்டர் வந்து என் தொடை மேல இருந்த கைய எடுத்து மடியில வெச்சுட்டுப் போனார். கிளாஸ்ல என்ன ஊத்தறாங்கன்னு கேட்டு வெச்சுக்கிட்டேன், ஆல்கஹால் இல்லாத கின்னஸ்தானாம். கசப்பு. கஷாயம்னு நினைச்சுக்கறேன்.

செஷனுக்குப் போனேன். திங்கக்கிழமை ராத்திரி, மூலையில 7 பேரு, மேடை மைக் எதுவும் இல்ல. 2 திங்கள் எலுமிச்ச ஜூஸ் வாங்கிட்டு கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தேன். மூணாவது திங்கள் கான்சர்டினா, அதான் குட்டி அக்கார்டியன் மாதிரி ஒண்ணு, வாசிக்கற தாத்தா ஒருத்தர் என்னப் பாத்து, உனக்கு ஒண்ணு இருக்கான்னு கேட்டார். கையில ஜூஸ் இருக்குன்னு கிளாஸ தூக்கிக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் கேட்டது பாட்டு.

'சக்தி சஹித கணபதிம்' வாசிச்சேன். திஸ்ரம்ங்கறதால தைரியம். முதல் சுத்து நான் மட்டும், கை நடுங்குது. ரெண்டாவது சுத்துல தாத்தா நுழைஞ்சார், அப்புறம் புல்லாங்குழல். மூணாவது சுத்துல எல்லாரும் வாசிக்கறாங்க, நான் எங்க நிறுத்தறதுன்னு தெரியாம 5 தடவை போயிட்டேன். கொஞ்சம் ஓட்டமாவே போச்சு, எங்க வாத்தியார் கேட்டிருந்தா விரல்ல தட்டியிருப்பார்.

இத தங்கச்சி போன்ல அம்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. பின்னாடி பாட்டில் வரிசையா தெரிஞ்சுது, ஒண்ணும் சொல்லல. கடைசியில "காந்தாரம் கொஞ்சம் ஏறியிருக்கு" மட்டும் சொன்னாங்க.

தாத்தா யார் டியூன்னு கேட்டார். தீட்சிதர்னேன். எந்த மாவட்டத்துக்காரர்னு கேட்டார். திருவாரூர்னு சொன்னேன். "ஓ, அங்க நல்லா வாசிப்பாங்க"ன்னு தலையாட்டிட்டு அடுத்த ரீல் டியூன ஆரம்பிச்சுட்டார்.