பழ பீருக்கு மதிப்பெண் போடத் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

நண்பர்களே, ராஸ்பெர்ரி சேர்த்துக் காய்ச்சிய 10% ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டவுட் (காட்டமான கறுப்பு பீர்) ஒன்றுக்குச் சுவைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். சில்லென்று குடித்தபோது புளிப்பும் வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய தானியம்) கசப்பும் மட்டும்தான். 12 டிகிரிக்கு வந்ததும் பழ வாசனை கிளம்பியது. கூடவே தொண்டையில் ஓர் எரிச்சல்.

பழத்தின் சர்க்கரையைப் பெரும்பாலும் ஈஸ்ட் தின்றுவிடும், அமிலம் தங்கிவிடும் என்பது தெரியும். ஆனால் இந்தப் புளிப்பு பழத்தினுடையதா, பாக்டீரியா புகுந்ததாலா? நாக்கை வைத்தே எப்படிப் பிரித்தறிவது? எரிச்சல் 10%க்கு இயல்பா, நொதிக்கும்போது சூடு ஏறியதன் அடையாளமா?

பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பி.ஜே.சி.பி. அமைப்பின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50; மணத்துக்கு 12, சுவைக்கு 20. பழம் முன்னால் வந்து நிற்காவிட்டால் எதில் குறைப்பீர்கள்? (எனக்கென்னவோ அது அடங்கியிருப்பதுதான் பிடித்திருக்கிறது.) சீக்கிரம் சொல்லுங்கள், பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது.